கொழும்பில் அம்மாவுக்கு விழுந்த பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கொழும்புக்குப் போனவர்கள் நிறைய இருக்கிறார்கள். கடைகளில் மூட்டை தூக்கப் போனார்கள். ஹோட்டல்களில் கோப்பை கழுவப் போனார்கள். பெரிய வீடுகளில் யாருடைய பிள்ளையையோ இடுப்பில் வைத்துச் சோறூட்டப் போனார்கள். தீபாவளிக்கு ஊர் வந்து கதை கதையாகச் சொன்னார்கள். ஆனால் கொழும்பைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் எடுத்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. அப்படிப் போகிற முதல் ஆள் என் அம்மாவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை என்று எழுதுகிறேன். உள்ளதைச் சொன்னால் அது திமிர்.

அந்தத் திமிருக்குக் காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகமும் போய்வந்து, இப்போது நமுனுகுலப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். வேலையை விட்டுவிடுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், "விட்டுட்டு? ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா?" என்பார்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு நான்கு வருடம் ஒரே அறையில் இருந்த தோழியின் வீடு கொழும்பில், கடற்கரையோரத் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறது. ஆகஸ்ட் விடுமுறைக்கு வா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா என்று அவள் அழைத்தாள். நான் அம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அங்கே இருக்கும் நாட்களில் அவர் ஒரு வேலையும் செய்யக் கூடாது. விருந்தாளியாகப் போய், விருந்தாளியாக இருந்து, விருந்தாளியாகத் திரும்பி வரவேண்டும்.

செய்தி பீலிக்கரையில் பரவியது. தண்ணீர் பிடிக்க வந்த, லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பராப் பெண் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டார்.

"கொழும்புக்கா? யாரு வீட்டுக்கு வேலைக்கு?"

"வேலைக்கெல்லாம் இல்ல. மக கூட்டிட்டுப் போறா. சும்மா பாக்க."

"சும்மா பாக்கவா? கொழும்பு என்னா பொண்ணாக்கா, போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு?"

"ஆமாடி. புடிச்சிருந்தா தட்டு மாத்திட்டு வர்றோம்."

பீலிக்கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு மிடுக்கை நான் பார்த்ததில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணியிடம், "நாலு நாளைக்கு நான் இல்லீங்க, டூர் போறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம்.

பதுளை ரயில் நிலையத்தில் காலைக் கோச்சி ஏறினோம். அம்மா சிவப்புச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஒரு பையில் எங்கள் தோட்டத்துப் போஞ்சி, இன்னொன்றில் பேரிக்காய். மலை இறங்க இறங்க வியர்த்து, ரம்புக்கனையில் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பத்து மணிநேரம். கோட்டை நிலையத்தில் இறங்கும்போது எங்கள் கால்கள் வீங்கியிருந்தன.

தொடர்மாடியின் வாசலில் கண்ணாடிக் கூண்டு ஒன்று. அதற்குள் நரைத்த மீசையோடு ஒரு காவலாளி. தோழி கீழே இறங்கி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். காவலாளி தமிழில்தான் பேசினார்.

"பேர் போடணும்மா, ரெண்டு பேரும்."

அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "லீவு போட்டு வந்த எடத்துலயும் பேரா?"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. குறித்த நிறை கொழுந்து பறித்தால் முழுப்பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். பேர் விழுந்ததா என்றுதான் மாலையில் ஒருவரையொருவர் கேட்பார்கள். நான் தோழிக்கு அதை விளக்கினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது, அம்மா இவ்வளவு நன்றாகப் பகிடி விடுகிறாரே என்று.

நான் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளை அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டக் கொடுத்தார்கள். அடுத்து அம்மா. நான் ஐந்தாம் ஆண்டில் படித்தபோது அம்மாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கும் அவர் அதை எழுதுவதில்லை, கோலம் போடுகிற மாதிரி வரைவார். பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது. லிஃப்ட் திறந்துகொண்டது. "சீக்கிரம்மா" என்றேன். "நீங்க போங்க, அவங்கள நான் அனுப்பி வைக்கிறேன்" என்றார் காவலாளி. நான் பைகளோடு தோழியின் பின்னால் லிஃப்டுக்குள் போனேன். புத்தகத்தை நான் பார்க்கவில்லை. எங்கள் இருவரில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் பார்க்கவில்லை.

எட்டாவது மாடியில் தோழியின் அம்மா கதவைத் திறந்து, "வாங்கோ, வாங்கோ, நல்லாக் களைச்சுப் போனியள் என்ன?" என்றார். அவருக்கு நாங்கள் பேசுகிற தமிழ் கேட்கவே பிடிக்கும் என்றார், சினிமாவில் வருகிற மாதிரி இருக்கிறதாம். ஐந்து நிமிடம் கழித்துச் சமையலறைப் பக்கத்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அம்மா நிற்கிறார். கழுத்தில் பச்சை அட்டை.

"ஐயோ, இதால வந்திட்டியளோ?" என்று தோழியின் அம்மா வாயில் கை வைத்தார்.

"அந்த அண்ணன் பின்னாடி ஒரு பொட்டி இருக்குன்னு ஏத்தி விட்டாரு. நல்லாப் பெருசு, ஒரு மாட்டையே நிறுத்தலாம். நம்ம மடுல்சீமப் பக்கத்துப் பொம்பளைங்க ரெண்டு பேரு வந்தாங்க, பேசிட்டே வந்தேன்."

எல்லோரும் சிரித்தோம். அட்டையின் நிறம் வேறாக இருந்ததை நான் கவனித்தேன். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மறுநாள் மாலை காலிமுகத்திடலுக்குப் போனோம். இந்தப் பயணத்தில் நல்லது என்று நான் சொல்லக்கூடியது அந்த இரண்டு மணிநேரம்தான். வானமெல்லாம் பட்டம். பிள்ளைகள் சோப்பு நுரைக் குமிழிகளைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். குடைக்குள் ஒளிந்துகொண்ட காதலர்கள், குல்லா போட்ட பெரியவர்கள், பாட்டுப் பெட்டியோடு பையன்கள், ஒரே கூச்சல். எங்கள் பக்கத்தில் இத்தனை பேரை ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் தேர்த் திருவிழா வர வேண்டும். அம்மா மதில் ஓரம் நின்று கடலைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"எவ்ளோ பெரிய எடம்" என்றார் கடைசியில். "ஒரு தேயிலக் கன்டு நட முடியாம சும்மா கெடக்கு."

இறால் வடை வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னாடி இது, பூச்சி முழிச்சிப் பாக்குது." பிறகு இரண்டு தின்றார். அலை வந்து காலை நனைத்தபோது சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். தோழி படம் எடுத்தாள். அந்தப் படத்தில் அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

திரும்பி வந்தபோதும் அம்மா தானாகவே பின்பக்கம் போய்விட்டார். "இந்தப் பொட்டில கூட்டமில்ல, நீங்க அதுல வாங்க" என்று எங்களை அனுப்பிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலை. நான் எழுந்து வரும்போது அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் என்னா சொன்னேன்?"

"ரெண்டு போஞ்சி நறுக்குனா கை தேஞ்சிருமா? நம்ம போஞ்சிதானே."

"அவவுக்குச் சும்மா இருக்க ஏலாது போல" என்று தோழியின் அம்மா சிரித்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் கத்தியைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது. தோழி அதைச் சமாளிக்க, "வாங்கோ ஆன்ட்டி, மேல மொட்டை மாடிக்குப் போவம். அங்கயிருந்து பாத்தா கடல் முழுக்கத் தெரியும். நீச்சல் குளமும் இருக்கு" என்றாள்.

மூவரும் மேலே போனோம். கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் நீலத் தண்ணீர், அதற்கும் அந்தப் பக்கம் அதைவிட நீலமாகக் கடல். இரண்டு சிறுமிகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். கதவருகே நின்ற சீருடைக்காரர் தோழிக்குத் தலையசைத்தார், என் வெள்ளை அட்டையைப் பார்த்து வழிவிட்டார். அம்மாவின் பச்சை அட்டையைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார். சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்.

மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. தமிழில் இப்படி: வீட்டுப் பனியாளர்களுக்கு அனுமதி இல்லை.

பணிக்குப் பதிலாகப் பனி. ஏழாம் ஆண்டுப் பிள்ளை எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுப் பத்து முறை எழுதச் சொல்லியிருப்பேன். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பிழைதான். அதன் பிறகுதான் அது யாரைச் சொல்கிறது என்று விளங்கியது.

"என்னா போட்டிருக்கு புள்ள?" என்று அம்மா கேட்டார்.

என் பின்னால் தோழி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமி தண்ணீரில் குதித்தாள்.

"பூட்டிட்டாங்களாம்மா. சுத்தம் பண்றாங்களாம்" என்றேன்.

அம்மா கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி வா" என்றார்.

என்னைப் படிக்க வைப்பதற்காக அம்மா மழையிலும் பனியிலும் மலையேறினார். அட்டை கடித்த காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டு படுத்தார். அந்தப் படிப்பைக் கொண்டு அவருக்கு நான் வாசித்துச் சொன்னது இதுதான்.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நான் தனியாகக் கீழே இறங்கினேன். காவலாளி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் இரண்டு புத்தகங்கள். முதலாவதில் என் பெயர். இரண்டாவதைத் திறந்தேன். அம்மாவின் கோலக் கையெழுத்து அங்கே இருந்தது, மேலும் கீழும் ஏழெட்டுப் பெண்களின் கையெழுத்துகளுக்கும் கைநாட்டுகளுக்கும் நடுவில்.

"எங்கம்மா பேரு ஏன் இதுல இருக்கு?"

"அது வேலைக்கு வர்றவங்க புத்தகம், மகள்."

"அதத்தான் கேக்குறேன். எங்கம்மா வேலைக்கு வரல."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் கேட்டேனே. என்ன வேலையா வந்தீங்கன்னு கேட்டேன். கொழுந்துங்க அண்ணேன்னாங்க. எந்த வீட்டுக்குன்னு கேட்டேன். எட்டாவது மாடின்னாங்க."

"எதுக்கு வந்தீங்கன்னு நீங்க கேட்டது அவங்களுக்கு வெளங்கல. என்ன வேலை செய்றீங்கன்னு கேட்டதா நெனச்சிட்டாங்க."

"இருக்கும். நானும் அப்புத்தளப் பக்கந்தான் மகள். ஆனா நம்ம சனம் இங்க வேற எதுக்கு வருது, நீங்களே சொல்லுங்க?"

அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இத மாத்துங்க."

"நானா வெட்ட முடியாது. வீட்டுக்காரங்க ஆபீசுக்கு ஒரு போன் போட்டு, இவங்க விருந்தாளின்னு ஒரு வார்த்த சொல்லட்டும். ஒரு நிமிசத்துல வெட்டி எழுதிர்றேன். வெள்ள அட்டையும் குடுத்துர்றேன்."

ஒரு வார்த்தை. அவ்வளவுதானே என்று நினைத்தேன். மேலே போகும்போது எனக்குக் கோபம்கூடக் குறைந்துவிட்டது. தோழியிடமும் அவள் அம்மாவிடமும் நடந்ததைச் சொன்னேன். அம்மா அப்போது அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அட கடவுளே, அந்த மனுசன் இப்பிடிச் செய்து போட்டுதே" என்றார் தோழியின் அம்மா. "பொறு பிள்ளை, நான் கதைக்கிறன்." தொலைபேசியை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, வேகமான சிங்களத்தில் பேசினார்.

"ஆமாம், அந்தத் தோட்டத்து அம்மாதான். இல்லை, மகளோடு படித்த பிள்ளையின் அம்மா. வேண்டாம், வேண்டாம், ஒன்றும் மாற்ற வேண்டாம். மேலே நம்முடைய ஆட்களும் பிள்ளைகளும் இருப்பார்கள், தேவையில்லாத பேச்சு வரும். நாளைக் காலையில் போய்விடுவார்கள்தானே. அப்படியே இருக்கட்டும்."

வைத்துவிட்டுத் திரும்பினார். "சொல்லிப் போட்டன் பிள்ளை. இனி ஒரு பிரச்சினையும் இல்லை."

பதுளை பஸ் நிலையத்தில் ஏறி இறங்கி வளர்ந்த ஒருத்திக்குச் சிங்களம் தெரியாது என்று அவர் எப்படி நினைத்தாரோ. தோழிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அவளைப் பார்த்தேன். அவள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் திரைகூட எரியவில்லை. பரீட்சைக்கு முந்திய இரவுகளில் ஒரே போர்வைக்குள் இருந்து படித்தவர்கள் நாங்கள். அவள் தலை நிமிரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு நிமிர்ந்து நின்று பேசுங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறவள் நான். அப்போதே பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கிளம்பினால் அம்மா ஏன் என்று கேட்பார். அம்மாவுக்குத் தெரியக் கூடாது, அவர் விருந்தாளியாக வந்து போனதாகவே இருக்கட்டும் என்று எண்ணினேன். அதனால் இன்னும் ஒரு நாள் அந்த வீட்டில் சோறு தின்றேன். நல்ல சோறு. நண்டுக் குழம்பு. அம்மாவுக்கு நண்டை உடைத்துக் கொடுத்துக்கொண்டே, "வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ" என்றார் தோழியின் அம்மா. அன்பாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை தோழி வாசல் வரை வந்தாள். அம்மாவும் அன்று எங்களோடு முன்பக்க லிஃப்டில்தான் இறங்கினார். நானே கையைப் பிடித்து அழைத்து வந்தேன். நான் வெள்ளை அட்டையைக் கழற்றிக் கூண்டில் வைத்தேன். அம்மா பச்சை அட்டையை வைத்தார்.

"பையக் கொஞ்சம் தெறக்கணும்மா" என்றார் காவலாளி அம்மாவிடம். என் பையை அவர் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பையை மேசையில் வைத்துச் சிப்பை இழுத்துவிட்டார். நிறுவைக்காரருக்கு முன்னால் கொழுந்துச் சாக்கை வைப்பது போல, பழகிய கையோடு வைத்தார். சேலைகள். ஸ்வெட்டர். சீப்பு.

"எங்கம்மா பைய ஏன் பாக்குறீங்க? நேத்தே சொன்னேன்ல?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

காவலாளி தடுமாறிப் போனார். நியாயத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள அவருக்கும் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. "கோவிக்காதீங்க மகள். நான் மாத்தத்தான் காத்துக்கிட்டிருந்தேன். மேடம் போன் போட்டு மாத்த வேணாம், அப்படியே இருக்கட்டும்னு சொன்னாங்களாம். ஆபீஸ்ல அப்படித்தான் எனக்குச் சொன்னாங்க."

சுத்தமான தமிழில், அம்மாவின் காதுக்கு நேராக.

தோழி, "அது... அம்மா வேற ஏதோ நினைச்சு..." என்று தொடங்கினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா அவசரப்படாமல் பையின் சிப்பை மூடினார். காவலாளியிடம், "வர்றேங்கண்ணே" என்றார். தோழியின் கன்னத்தைத் தொட்டு, "வர்றேன் சாமி, அம்மாகிட்ட சொல்லிரு" என்றார். வாசலைத் தாண்டி இருபதடி நடந்த பிறகுதான் என்னிடம் பேசினார்.

"எது என்னான்னு எனக்குத் தெரியும். மாடிக் கதவுலேயே தெரிஞ்சு போச்சு. நீ ஏன் புள்ள கேக்கப் போன?"

"கேக்காம எப்படிம்மா?"

"கேக்காம இருந்திருந்தா அது அந்த மனுசன் தப்பா எழுதுனதோட போயிருக்கும்."

பஸ் ஏறினோம். கோட்டை நிலையத்தில் அம்மா இரண்டு சட்டி தயிர் வாங்கச் சொன்னார். ஒன்று பக்கத்துக் காம்பராவுக்கு என்றார். கோச்சி புறப்பட்டதும் தூங்கிவிட்டார்.

நாவலப்பிட்டி வருவதற்குள் தோழியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தாள். அம்மாவின் தலை என் தோளில் ஆடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு இன்னும் ஆறேழு மணிநேரப் பயணம் மிச்சம் இருந்தது.

சேர்ந்துவிட்டோம் என்று எழுதினேன்.

நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். பதுளை எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாது. உடனே ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பி வைத்தாள்.